வெள்ளிக்கிழமைக் கைத்தடம்

தோள்வலி என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் தலையணைதான். இரண்டு வைத்துப் படுப்பார்கள். ஒன்றை எடுத்துவிடுங்கள் என்றால் சொத்தை எழுதித்தரக் கேட்டதுபோல முகம் சுருங்கும். நீங்களும் இரண்டு வைத்துத்தான் படுக்கிறீர்கள், ஐயா. நான் உள்ளே வந்ததிலிருந்து கழுத்தை இடப்பக்கம் மட்டும்தான் திருப்புகிறீர்கள். கேட்டால் சொல்வது என் தொழில், கேட்காமலே சொல்லிவிடுவது என் குணம்.

எழுதிக்கொள்ளுங்கள், அவசரமில்லை. அத்தானை நான்தான் கொன்றேன். அதை மறைக்க இங்கே வரவில்லை. ஆனால் ஏன் என்பதை நீங்கள் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறீர்கள், அதைச் சரிசெய்துவிட்டுப் போகிறேன்.

சலவைக் கடைக்கு மேல்மாடியில் என் அறை. கீழே நாள் முழுக்க நீராவி போவதால் தரை எப்போதும் கதகதப்பாக இருக்கும். வலியோடு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதுமே பாதி ஆறிவிடுவார்கள். முகம் வைக்கத் துளையுள்ள ஒரு கட்டில், எண்ணெய் சூடாக்க ஒரு சின்ன அடுப்பு, சுவரோடு மரக்கம்பிகள், தொங்கி நீட்டிக்கொள்ள. இருபத்திரண்டு வருடமாக இதே அறை. கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் யாரைத் தொடக் கூடாது என்று என் கையெழுத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். காய்ச்சல்காரர், எலும்பு முறிந்தவர், புதுக் காயம் உள்ளவர். நான்காவது வரியை நீங்கள் படித்துவிட்டீர்கள் என்று தெரியும். அதற்கு வருகிறேன்.

வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. அதில் முன்னும் பின்னுமாக ஒரு மனித உருவம். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பது முதல் கட்டம். பிறகு எங்கே இறுக்கம், எங்கே வீக்கம், என்ன செய்தேன், எத்தனை நிமிடம். பென்சிலால் குறிப்பேன். மனிதர்கள் வலியைப் பற்றி வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். கைக்குத் தெரிந்ததைத்தான் நான் எழுதுவேன். கை பொய் சொல்லாது, ஐயா. நான் பிழைப்பதே அந்த ஒரு நம்பிக்கையில்தான்.

எனக்கு அக்கா ஒருத்திதான். எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது அம்மாவும் அப்பாவும் ஆறு மாத இடைவெளியில் போய்விட்டார்கள். அக்காவுக்குப் பத்தொன்பது. ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் சேர்ந்து, படுக்கை விரிப்புகளை இஸ்திரி போட்டே என்னை ஆளாக்கினாள். அவள் கழுத்தை நீட்டியபோது முப்பத்து நாலு வயது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். இருபது வருடமாகப் பார்க்கிறேன், அந்த மனிதரிடம் ஒரு குறை சொல்ல எனக்கு வாய்த்ததில்லை. உங்களுக்கு அது நல்ல குணமாகத் தெரியும். எனக்கு அப்போதே உறுத்தியது. குறையே இல்லாத ஆளை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

போன வருடக் கடைசியில் அக்காவின் வலது தோள் இறுகிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை, பின்னால் கொண்டுபோக முடியவில்லை. முப்பத்தைந்து வருடம் இஸ்திரி போட்ட தோள், ஆச்சரியமில்லை. வாரம் இரண்டு நாள் வரச்சொன்னேன். செவ்வாய்க்கிழமை அழுத்திப் பிடித்துவிடுவேன். வெள்ளிக்கிழமை கம்பியைப் பிடிக்கவைத்து நீட்டிவிடுவேன். மாத்திரைக் கட்டத்தை நிரப்பவில்லை. சொந்த அக்காவை உட்காரவைத்து விசாரிக்கவா முடியும்?

மூன்றாவது வெள்ளிக்கிழமை அதைப் பார்த்தேன். மேல்கையில், தோளுக்குச் சற்றுக் கீழே, நான்கு விரல். மறுபக்கம் ஒரு கட்டைவிரல். நாவற்பழத்தைத் தேய்த்ததுபோலக் கன்றியிருந்தது. செவ்வாய்க்கிழமை நான் விட்டபோது அந்தத் தோல் சுத்தமாக இருந்தது. அட்டையில் குறித்திருக்கிறேன், பாருங்கள்.

"என்னக்கா இது?"

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எங்கயாவது இடிச்சிருப்பேன்டா."

"எங்க?"

"கதவுல. விடேன், பெரிய டாக்டர் மாதிரி."

கதவுக்கு ஏது நான்கு விரல்? அட்டையில் வரைந்துகொண்டேன்.

அடுத்த வெள்ளியும் இருந்தது. அதற்கடுத்த வெள்ளியும். பழையது மஞ்சளாகி மங்கும் இடத்திலேயே புதியது. உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது எனக்கு. ஆனாலும் அவசரப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அங்கே அத்தானைக் கவனிக்க ஆரம்பித்தேன்.

கதவை மெதுவாகச் சாத்துவார். தட்டைச் சத்தமில்லாமல் வைப்பார். அக்கா பேசும்போது குறுக்கே பேசமாட்டார். வெளியே இப்படி அடக்கி வாசிக்கிறவர்கள் அதையெல்லாம் எங்கே கொண்டுபோய் இறக்குவார்கள்? ஒருநாள் வேண்டுமென்றே கைகுலுக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட என் கை அளவு. தடத்தின் அளவும் அதுதான்.

அக்காவிடம் நேராகவே கேட்டேன். "அத்தான் உன்மேல கை வைக்கிறாரா?"

அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அவரா? கரப்பான்பூச்சியக்கூடக் காகிதத்துல ஏந்திட்டுப் போயி வெளிய விடுற மனுசன்டா அவரு. உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. மொதல்ல ஒரு கல்யாணத்தப் பண்ணு."

அடி வாங்குகிறவர்கள் இப்படித்தான் சிரிப்பார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன்.

நடுவில் என் மணிக்கட்டுப் பிசகி, இரண்டு வாரம் அறையைப் பூட்டிவைத்தேன். அந்த இரண்டு வாரமும் அக்கா கையில் ஒரு தடம்கூட இல்லை. நீங்கள் நேற்று அவள் அட்டையில் அந்த இடத்தில்தானே சிவப்புப் பேனாவால் சுழித்தீர்கள்? நானும் யோசிக்காமல் இல்லை. வேலை இல்லாததால் நான் தினமும் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்தேன். பார்த்துவிடுவேன் என்று அத்தான் அடங்கி இருந்திருக்கிறார். திருடனுக்கு விளக்கு வெளிச்சத்தில் என்ன வேலை?

என் கை பட்டு யாருக்கும் கன்றியதில்லை, ஐயா. தபால் ஆபீஸ் அம்மா ஒருத்தி கன்றியதாகச் சொல்லி வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு வாத்தியாரும் சொன்னார். சிலருக்குத் தோலே அப்படி.

பிறகு அத்தான் ஏணியிலிருந்து விழுந்து இடது கணுக்காலை முறித்துக்கொண்டார். ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் தடங்கள் நிற்கவில்லை. கால் போனால் என்ன, கை நன்றாகத்தானே இருந்தது?

அந்தச் சமயத்தில்தான் அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை, தட்டில் பரிமாறிக்கொண்டே சொன்னாள். "இவரு ரிட்டயர் ஆனதும் அவரு தம்பி இருக்கிற ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம்டா. கடல் பக்கம். வீடும் பாத்தாச்சு."

எவ்வளவு தூரம் என்று கேட்டேன். ரயிலில் ஒரு ராத்திரி, ஒரு பகல். பாதிச் சோற்றிலேயே எழுந்து கை கழுவிவிட்டேன். அதற்கும் நடந்ததற்கும் சம்பந்தமில்லை, அப்படி எழுதிவிடாதீர்கள். அங்கே போய்விட்டால் அவள் கையை யார் பார்ப்பார்கள் என்பதுதான் என் கவலை.

கட்டுப் பிரித்து ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை மத்தியானம், அத்தான் தடியை ஊன்றிக்கொண்டு மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது.

"கெண்டக்கால் உயிர் போகுது மாப்ளே. திங்கக்கிழமை ஸ்கேன் எடுக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. அதுவரைக்கும் லேசா நீவி விடேன்."

கட்டிலில் குப்புறப் படுக்கவைத்தேன். நாடாவால் அளந்தேன். இடது கெண்டைக்கால் வலதைவிட மூன்று சென்டிமீட்டர் பெருத்திருந்தது. புறங்கையை வைத்துப் பார்த்தேன், சூடு. லேசாகத் தொட்டதற்கே துள்ளினார். சுவரில் நான்காவது வரி: ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் கை வைக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. இந்தத் தொழிலில் முதல் வாரம் சொல்லித்தருவது அது. உள்ளே ரத்தம் உறைந்து கட்டியாகி நிற்கும். அழுத்தினால் அது நகர்ந்து மேலே போகும். மேலே நுரையீரல் இருக்கிறது.

நான் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தேன். அதை மறக்காமல் எழுதுங்கள். எண்ணெயைச் சூடாக்கிக்கொண்டே கேட்டேன். "அத்தான், அக்கா கையில அந்தத் தடம் எப்படி வந்துச்சு?"

துளைக்குள் முகத்தை வைத்திருந்ததால் குரல் தரையிலிருந்து வருவதுபோல வந்தது.

"அத அவகிட்டயே கேளு மாப்ளே. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா."

வேறென்ன வேண்டும், ஐயா? ஒரு மனிதன் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டபின்?

நாற்பது நிமிடம் பிடித்துவிட்டேன். கணுக்காலிலிருந்து முழங்கால் மடிப்புவரை, கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துவைத்து, மேல்நோக்கி. அவர் முதலில் பல்லைக் கடித்தார், பிறகு தளர்ந்தார். எழுந்து நின்று காலை ஊன்றிப் பார்த்துவிட்டு, "அப்பாடா. ராசிக் கைடா உனக்கு" என்றார். படியிறங்க நான்தான் தோள் கொடுத்தேன். மறுநாள் காலை பல் துலக்கப் போனவர் தொட்டியைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். கட்டி நுரையீரலில் போய் அடைத்துவிட்டது என்றார்கள். கட்டுப் போட்ட காலில் இப்படி நடப்பதுண்டு என்று டாக்டரே அக்காவுக்கு ஆறுதல் சொன்னார். யாரும் என்னைக் கேட்கவில்லை.

அட்டையை ஏன் கிழித்துப்போடவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். அவர் படியிறங்கியதுமே உட்கார்ந்து நிரப்பிவிட்டேன். வீக்கம் மூன்று சென்டிமீட்டர், சூடு, தொட்டால் வலி, ஸ்கேன் திங்கட்கிழமை, ஆழமாக அழுத்தியது நாற்பது நிமிடம். ஒவ்வொருவருக்கும் எழுதுவதைத்தான் எழுதினேன். பொய்யாக ஒரு அட்டை எழுத எனக்குக் கை வராது.

அத்தான் போன பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை, அக்காவை வற்புறுத்தி வரவழைத்தேன். அழுது அழுது தோள் இன்னும் இறுகியிருந்தது. இனி அவளை யாரும் தொட மாட்டார்கள் என்ற நிம்மதியில் வழக்கத்தைவிட நன்றாகவே பிடித்துவிட்டேன். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

வெள்ளிக்கிழமை அவளாகவே வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை.

"அவரு கடைசியா இங்கதான வந்தாரு? அவரோட அட்டையக் குடு."

குடும்பத்தார் கேட்டால் கொடுக்க வேண்டியதுதான் முறை. கொடுத்தேன். முப்பத்தைந்து வருடம் ஆஸ்பத்திரியில் இருந்தவள், படித்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. திரும்பிச் சுவரைப் பார்த்தாள். நான்காவது வரியில் அவள் கண் நின்றதைப் பார்த்தேன்.

"ஏன்டா?" என்றாள். அவ்வளவு மெல்லிய குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

சொன்னேன். உனக்காகத்தான் என்றேன். தடங்களைச் சொன்னேன், அத்தான் ஒப்புக்கொண்டதைச் சொன்னேன்.

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அடப் பாவி" என்று நெஞ்சில் அறைந்துகொண்டாள். "ரத்தம் உறையாம இருக்க நாலு வருசமா மாத்திர சாப்பிடுறேன்டா நான். சுண்டுனாக்கூடக் கன்னிப்போகும். நீ பிடிச்சுவிட்டா மூணு நாளைக்குக் கையத் தூக்க முடியாம கெடப்பேன். 'உன் தம்பிகிட்டச் சொல்லிட்டு நிறுத்தித் தொலையேன்'னு அந்த மனுசன் தலையில அடிச்சுக்குவாரு. நீ மனசு ஒடஞ்சிடுவேன்னு நான்தான்டா அவரச் சொல்ல விடல."

துக்கத்தில் இருப்பவர்கள் செத்தவரை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளைத் தூக்கிவிடக் கையை நீட்டினேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுகையால் ரவிக்கையின் கையை மேலே ஏற்றினாள். நான்கு விரல், ஒரு கட்டைவிரல். புத்தம் புதிது. என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அந்தத் தடத்தின்மேல் வைத்தாள். அச்சாகப் பொருந்தியது. சுண்டுவிரல் சற்று வளைந்திருப்பதுகூட.

"இப்பச் சொல்லு" என்றாள். "இது யார் கை?"

அதற்குப் பிறகுதான் அவள் நேராக உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. நான் செய்ததைச் செய்தேன் என்று சொல்லிவிட்டேன். கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் நான் உள்ளே இருக்கப் போகிறேன், ஐயா, அவள் வெளியே தனியாக இருக்கப் போகிறாள். அத்தான் போய்ப் பதின்மூன்றாம் நாள் அவள் கையில் புதுத் தடம் இருந்தது. என் கை அளவில் கையுள்ள எவனோ ஒருவன் இன்னும் அந்த வீட்டுக்கு வந்துபோகிறான். தயவுசெய்து அவனைக் கண்டுபிடியுங்கள்.