முழங்காலுக்குக் கீழே

— அண்ணா, ஆஸ்பத்திரியைக் காலி பண்ணாத. அம்மா கட்டிலை யாரும் தொடக் கூடாது!

— பாப்பா, விளையாடாத. அணைக் கதவைத் திறந்தா ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி வந்துடும்னு காலையில சொன்னது யாரு? உன் வெள்ளக் கணக்கை நம்பித்தானே ஆம்புலன்ஸ் எல்லாம் வரவெச்சிருக்கேன்?

— அந்தக் கணக்கு தப்பு. என் தப்பு.

— அடிப்பாவி! இங்க அணை தளும்புது. கதவைத் திறந்தே ஆகணும்னு நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிக்கிறேன், இப்ப வந்து தப்புங்கிற?

— கேளேன். ஓடுற தண்ணியைத் தரை பிடிச்சு இழுக்கும்ல, அந்த உராய்வுக்கு ஆழத்தால வகுக்கணும். ஆழம் குறையக் குறைய உராய்வு எகிறும். ஆழம் பூஜ்யத்துக்கிட்ட போனா கம்ப்யூட்டர் படுத்துடும்.

— அணை இன்ஜினியர் எனக்கே பாடம் எடுக்கிறியா? மேல சொல்லு.

— அது படுக்கக் கூடாதுன்னு ஒரு வரி எழுதி வெச்சேன். முழங்காலுக்குக் கீழ எவ்வளவு தண்ணி இருந்தாலும், உராய்வுக்கு முழங்கால் ஆழம்னே எடுத்துக்கோன்னு. அதோட மறந்தே போயிட்டேன்.

— அப்ப விரல் நனையற தண்ணிகூட...

— முழங்கால் தண்ணி வேகத்துல பறந்திருக்கு! அணைக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல ஃபுட்பால் மைதானம் முழுக்கப் புல்லு. மெல்லிசா பரவுற தண்ணி அதுல தவழ்ந்துதான் வரும். பாதி மைதானம் தாண்டுறதுக்குள்ள நீ கதவை மூடிடுவ.

— ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது.

— கேளு.

— அம்மாவுக்கு நேத்துதான் ஆபரேஷன். மூச்சே மெஷின்ல ஓடுது. நகர்த்தினா தாங்க மாட்டாங்கன்னு டாக்டர் சொன்னதும் உன் கணக்கு மாறுது. அம்மாவுக்காக மக கணக்கை வளைச்சுட்டான்னு ஊரு சொல்லாதா?

— ஊரை விடு. நீ என்ன சொல்ற?

— எனக்கும் அவங்க அம்மாதான், பாப்பா. நம்ப ஆசையா இருக்கு. அதனாலயே பயமா இருக்கு.

— சரி. போன வெள்ளத்துல தண்ணி எங்க நின்னுச்சு?

— மைதானத்து நடு வட்டத்துல. சேத்தை நானே பார்த்தேன்.

— என் பழைய கணக்கு?

— ஆஸ்பத்திரி வாசல்னுச்சு. மழை அளவுதான் தப்பா வந்திருக்கும்னு நாமளே சமாதானம் சொல்லிக்கிட்டோம்.

— மழை மேல பழியைப் போட்டோம், பாவம்! இப்ப அந்த வரியைத் தூக்கிட்டேன். உராய்வு தண்ணியை நிறுத்தலாம், பின்னாடி தள்ளக் கூடாதுன்னு மட்டும் கட்டுப்பாடு வெச்சேன். கம்ப்யூட்டர் படுக்கல. அதே பழைய மழையை ஓட்டினேன் அண்ணா, நடு வட்டத்துல வந்து நின்னுச்சு!

— நிஜமாவா?

— அம்மா மேல சத்தியமா.

— சரி, கதவைத் திறக்கிறேன். கட்டில் அங்கேயே இருக்கட்டும். ஆனா ஆம்புலன்ஸ் வாசலை விட்டு நகராது. தண்ணி வட்டத்தைத் தாண்டினா அப்புறம் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்.

— கேக்காத.

*

— பாப்பா! கதவை மூடியாச்சு! தண்ணி வட்டத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சுடி! ஆஸ்பத்திரிப் படி காய்ஞ்சு கிடக்கு. அம்மா கண்ணைத் திறந்துட்டாங்களாம்!

— சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!

— சொன்ன தாயே, சொன்ன! உன்னைச் சந்தேகப்பட்ட வாயில அடிச்சுக்கணும். ஆமா, என்ன அங்க சந்தைக்கடை மாதிரி சத்தம்?

— தெருமுனைப் பள்ளிக்கூடத்து மாடியில இருக்கேன். எங்க தெரு ஜனம் மொத்தமும் இங்கதான் இருக்கு. போலீஸ்கிட்ட சொல்லி மதியமே காலி பண்ண வெச்சுட்டேன்.

— உங்க தெருவையா? எதுக்கு?

— புல்லுல மாட்டுன தண்ணி எங்கயாவது தேங்கணும்ல? மைதானத்துக்கும் அணைக்கும் நடுவுல எங்க தெருதான். பழைய கணக்குல காய்ஞ்சிருந்துச்சு, புதுசுல முங்கிடுச்சு. உன்கிட்ட சொல்லியிருந்தா கதவைத் திறக்கக் கை வந்திருக்குமா?

— ஐயோ பாப்பா... அப்ப உன் வீடு?

— ஜன்னல் வரைக்கும் தண்ணி, அண்ணா! கணக்குல வந்த அதே உயரம்!