ரயிலுக்குக் காத்திருந்த கடைசி பஸ்

ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஊருக்கு வெளிய ஸ்டேஷன் ரோடு... ஈ காக்கா இல்ல. கடைசி பஸ் மட்டும் இன்ஜினை அணைச்சுட்டு நிக்குது.

டேய், நான் கதை சொல்றப்ப அந்த போனை அணை. மூஞ்சில வெளிச்சம் அடிக்குது. பயமா இருந்தா எழுந்து போ, நடுவுல இளிக்காத.

அந்த பஸ்ல கண்டக்டர், என் ஃப்ரெண்டோட தாய்மாமா. அரசாங்க பஸ். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அதனால ரயில் எவ்வளவு லேட்டானாலும் காத்திருந்து, அந்த ஜனங்களை ஏத்திக்கிட்டுதான் கிளம்பணும். அன்னைக்கு அந்த ரயில்ல மாமாவோட சம்சாரம் வேற வர்றாங்க. நாலு வயசுப் பொண்ணு பக்கத்து வீட்டுல இருக்கு.

ரயில் சத்தமே கேக்கல... ஆனா ஜனங்க வந்துட்டாங்க. வரிசையா. ஒருத்தரும் பேசல. செருப்புக்கடியில தண்ணி... சளக், சளக். ஆத்துச் சேறு வாடை. மழையே இல்லயேன்னு மாமா நினைச்சாராம். டிக்கெட்டை வாங்கி ஓட்டை போட்டா, பேப்பர் கையோட கரைஞ்சு வருது. கடைசியா அவர் சம்சாரம் ஏறினாங்க. அப்பதான் மனுஷனுக்குப் போன உயிர் திரும்பி வந்துச்சு.

உடனே கன்ட்ரோல் ரூம்லருந்து போன். "காத்திருக்காதய்யா. காலி வண்டியாவே கொண்டு வந்துடு. பாலம் இடிஞ்சு ரயில் ஆத்துல விழுந்துடுச்சு... ஒருத்தரும் மிஞ்சல."

மாமா திரும்பிப் பாத்தா, ஒரு சீட் காலி இல்ல.

"என்னங்க, கிளம்பலாம். பாப்பா தேடுவா" ன்னாங்க சம்சாரம்.

"யாருய்யா போன்ல?" ன்னு டிரைவர் கேட்டார்.

சொல்லியிருக்கலாம். சொன்னா... சம்சாரத்தையும்ல இறக்கி விடணும்? பாவி மனுஷன், விசிலை எடுத்து ஊதிட்டார். "ஒண்ணுமில்ல. போலாம் ரைட்."

ஒவ்வொரு ஸ்டாப்புலயும் வீட்டு ஆளுங்க வந்து நின்னாங்க. கையைப் புடிச்சு கூட்டிட்டுப் போனாங்க. "ஏன் இப்படிச் சில்லுனு இருக்கே?" ன்னு ஒரு அம்மா கேட்டது மாமா காதுல விழுந்துச்சு. அப்பவும் வாயைத் தொறக்கல. எனக்கு அதான் ஆத்திரம்.

கடைசி ஸ்டாப்புல மாமா வீடு. பக்கத்து வீட்டுல தூங்குற பாப்பாவை வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டு சம்சாரம் உள்ள போனாங்க. மாமா டெப்போவுக்குப் போனார். அங்கருந்து அப்படியே விபத்து நடந்த இடத்துக்கு ஸ்பெஷல் பஸ்ல அனுப்பிட்டாங்க. மூணு நாள் அங்கயே ட்யூட்டி. வீட்டுக்குப் போன் பண்ணா சம்சாரம்தான் எடுப்பாங்க. நல்லாத்தான் பேசுவாங்க.

மூணாம் நாள்... ஆத்துலருந்து அவங்க உடம்பை எடுத்தாங்க. அதே புடவை, அதே முகம். மாமாவே அடையாளம் காட்டினார். வேற என்ன பண்ணுவார்? ஆம்புலன்ஸ்ல கூடவே உக்காந்து வீட்டுக்கு வந்தார்.

இறக்கி வாசல்ல வெச்சாங்க. ஆம்புலன்ஸ்காரர் கதவைத் தட்டினார்.

கதவு பாதி திறந்துச்சு. அவங்கதான். கீழ இருந்த வெள்ளைத் துணியைப் பாத்தாங்க... மாமாவைப் பாத்தாங்க... உதட்டுல விரலை வெச்சுக்கிட்டு சொன்னாங்களாம்.

"மெதுவா... பாப்பா அன்னைக்கு என் பக்கத்துல படுத்தவ, இன்னும் எழுந்திரிக்கல."