முதல் பாட்டில்

எதையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் ஐயா, அது என் பழக்கம். என் அக்கா வெள்ளத்தாயின் வீட்டுக்காரர் சோலைச்சாமி மச்சான் அப்படி இல்லை. மதுரைக் கம்பெனிக்காரர்கள் பிரான்சைஸ் அக்ரிமெண்ட்டை நீட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டு, காபி சொல்லவா என்று கேட்டார்.

கம்பெனியில் இருந்து எசன்ஸ் வரும். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஷெட்டில் கலர் சோடா தயாரித்து, அவர்கள் பெயரில் பாட்டிலில் அடைத்து, ராஜபாளையம் வரைக்கும் கடைகளுக்குப் போட்டோம். நன்றாகத்தான் ஓடியது. பிறகு வெளிநாட்டுக் கலர் வந்தது. எங்கள் பாட்டிலைக் கடைக்காரர்கள் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். எனக்குப் பன்னீர் சோடா போட ஆசை. அம்மா பெயரில், பரிபூரணம் என்று லேபிள்கூட அடித்துவிட்டேன். ஆனால் காலக்கெடு முடியும்வரை வேறு சரக்குப் போடக்கூடாது, நடுவில் விலகவும் கூடாது என்று அக்ரிமெண்ட்டில் இருக்கிறது.

"விட்டுத் தொலைச்சிருவோம் மச்சான்" என்றேன்.

"வாக்குக் குடுத்தாச்சுல்லா மாப்ள. அவிய நம்மள நம்பித்தானே இருக்காவ. செத்த பொறுத்துக்கோ" என்றார்.

நல்ல மனுஷன். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

விலக ஒரே ஒரு வழி இருந்தது. கம்பெனி எசன்ஸால் யாருக்காவது உடம்புக்குக் கெடுதல் வந்தால், நாங்கள் அன்றைக்கே விலகிக்கொள்ளலாம். அந்த யாராவது யார் என்றுதான் ரொம்ப யோசித்தேன். புரட்டாசிச் சனிக்கிழமை நம்ம ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாளுக்கு வருகிற கூட்டத்தில் எங்கள் கலர் நிறையப் போகும். ஆனால் பிள்ளைகள் குடித்துவிடும். அது பாவம் இல்லையா? மச்சான் பெரிய ஆள். அக்ரிமெண்ட்டிலும் கையெழுத்துப் போட்டவர்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. புது எசன்ஸ் கேன் உடைத்தால் முதல் பாட்டிலை வேலையாட்கள் எதிரில் முதலாளி குடிக்கவேண்டும்; எப்போதும் மச்சான்தான் குடிப்பார். செத்த நேரம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பாட்டில் நிரப்புவோம். அதனால் வேறு ஒருவருக்கும் ஆபத்து இல்லை. அதையெல்லாம் யோசித்துத்தான் கேனில் பூச்சிமருந்தை ஊற்றினேன்.

அன்று காலையில் மச்சானுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பாட்டிலை என்னிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீ குடியேன் மாப்ள."

"எனக்குச் சக்கர இருக்குல்லா மச்சான்" என்றேன்.

"அட, மறந்தே போயிட்டேன் பாரு" என்று சிரித்தார். ஒரே மூச்சில் குடித்தார்.

பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் தலை என் மடியில்தான் இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. சாயங்காலம் பசித்தது, சாப்பிட்டேன். அக்காவிடம், "இனிமே கம்பெனி நம்மள ஒண்ணும் கேக்க முடியாது" என்று ஆறுதல் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அவளும் அக்ரிமெண்ட்டைப் படித்ததில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வருகிறீர்கள் ஐயா. கேனில் மருந்து ஊற்றினேன் என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். அது இருந்தால் எசன்ஸில் குறை இல்லை என்று ஆகிவிடும், அக்ரிமெண்ட்டும் அப்படியே நிற்கும். மற்றபடி மச்சானைக் கொன்றது நான்தான். அதைத் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள்.