முளைப்பாரிக்கு ஊதா வெளிச்சம்

– கதவ மூடுங்க. அத்த வரதுக்குள்ள மூடுங்க.

– இரு வாணி, இன்னொரு தபா பாத்துக்கறேன். கண்ணு ஏமாத்துதோ இன்னாவோ.

– கண்ணு ஒண்ணும் ஏமாத்தல. ஒரு சாண்கூட இல்ல. ஒம்போது நாளு வெளக்குகூட இல்லாம, இருட்டுல தடவித் தடவி தண்ணி தெளிச்சிக்கினு வந்தேன். பாக்கக் கூடாது, தொடக் கூடாதுன்னு அவ்ளோ பத்தியம். எதிர் வூட்டு ஜெயசுதாவோட மொளப்பாரி ஒரு மொழத்துக்கு மேல நிக்குது. வெளுத்து, மஞ்சளா, பாக்கவே அழகா இருக்குது. என்னோடது கீரப் பாத்தி மாதிரி கெடக்குது.

– பச்சையாதான இருக்குது? டெக்னிக்கலா பாத்தா இதான் ஆரோக்கியமான செடி.

– டெக்னிக்கலாவா? ஏங்க, மேல பரணுக்கு அடில இன்னாது அது? பளபளன்னு ஒட்டிக்கினு இருக்குது?

– அது... சொம்மா ஒரு ஸ்ட்ரிப்பு.

– இன்னா ஸ்ட்ரிப்பு?

– எல்.இ.டி. ஸ்ட்ரிப்பு.

– கல்யாண மண்டபத்துக்குக் கட்டற லைட்ட எதுக்குங்க மொளப்பாரி ரூம்ல ஒட்டுனீங்க?

– கோவப்படாத. அம்மா இன்னா சொல்லுச்சி? ‘ஒம்போதாம் நாளு ஒரு மொழம் வளந்திருந்தா வாணி வெள்ளிமலைக்கு நர்ஸு வேலைக்குப் போவட்டும், வளரலன்னா மாரியாத்தாவுக்கு இஷ்டமில்லன்னு அர்த்தம்’னு சொல்லுச்சில்ல? நானும் தலைய ஆட்டிட்டேன். அப்பறம் ஒக்காந்து யோசிச்சேன். ஆறு வருஷமா நீ காத்துக்கினு இருந்த கவர்மெண்ட் ஆர்டரு. அத போயி ஒரு பச்சப்பயிறு கையில ஒப்படைச்சிட்டு நான் சொம்மா இருக்கறதா?

– அதுக்கு?

– வீடியோல பாத்தேன். வூட்டுக்குள்ள செடி வளக்கறவங்க செவப்பும் நீலமும் கலந்து வெளிச்சம் போடறாங்க. செடி குபுகுபுன்னு வருது. நம்ம லைட்டு கடையிலதான் கழட்டிப் போட்ட ரோலு கெடக்குதே. ரெண்டு வரிசை செவப்பு, ஒரு வரிசை நீலம். மூணு மூணு பல்பா வெட்டி, சால்டர் வெச்சி, சூடு ஏறக் கூடாதுன்னு அலுமினியப் பட்டையில ஒட்டி, பன்னண்டு வோல்ட் அடாப்டரு போட்டேன். ஒயர ஜன்னல் வழியா ஹாலுக்கு இழுத்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி சொருகிட்டேன். காலைல நீ தண்ணி தெளிச்சிட்டு பிரைவேட் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனதும் ஆன். நீ வரதுக்கு முன்னாடி ஆஃப். நான் செஞ்ச வேலையிலயே சுத்தமான வேலை வாணி இது.

– சுத்தமாத்தான் முடிச்சிட்டீங்க. ஏங்க, மொளப்பாரிய எதுக்கு இருட்டுல வெக்கிறாங்க?

– அது ஐதீகம்.

– இருட்டுல வெச்சாதான் வெளிச்சத்தத் தேடிக்கினு நீண்டுக்கினே போவும். வெளிச்சம் கெடச்சிட்டா அது ஏன் வளரணும்? நின்ன எடத்துலயே இலைய விரிச்சிக்கினு ஒக்காந்துடும். ஒங்களாட்டம்.

– எனக்கு எப்படித் தெரியும்? ஆம்பள அந்த ரூம் பக்கமே போவக் கூடாதுன்னு வெச்சிக்கினு இருக்கறீங்க. யாராச்சும் சொல்லித் தந்தீங்களா?

– போவக் கூடாதுன்னா போவாம இருந்திருக்கலாமில்ல?

– ஒனக்காகத்தான போனேன்.

– தெரியுது. அதான் திட்டவும் முடியல.

– இப்பவே அம்மாகிட்ட உண்மைய சொல்லிடறேன்.

– என்னாண்ட இன்னாடா சொல்லப் போற சங்கரு? நவுரு, பாக்கலாம். அய்யோ, இவ்ளோதானா வந்துக்கீது?

– யம்மா, இது சாமி வாக்கு இல்ல. நான் உள்ள லைட்டு போட்டு வெச்சிட்டேன். அதான் வளரல.

– லைட்டோ கிட்டோ, எனக்கு இன்னாடா தெரியும், படிக்காதவ. வளரல. ஆத்தா வாணாம்னுட்டா. வாணி, அந்த ஆர்டர மடிச்சி பீரோல வெச்சிடும்மா.

– அத்த, திங்கக்கெழம போயி சேரலன்னா அந்த எடம் வேற யாருக்காச்சும் போயிடும்.

– போவட்டுமே. நீ மலைல போயி ஒக்காந்துக்கினா எனக்குக் காலைல சக்கர ஊசி யாரு போடுவா? இவனா? ரத்தத்தப் பாத்தாலே படுத்துக்குற ஆளு. வயசான காலத்துல நான் தனியா கெடப்பேன்னு ஆத்தாவுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் தடுத்துக்கீறா.

– சரிங்க அத்த. ஒத்துக்கினு சட்டி போட்டவ நான். போவல.

– வாணி! நான்தான் சொல்றேனே, லைட்டாலதான்...

– வுடுங்க. லைட்டு வெக்கறதுக்கு ஒங்களுக்குப் புத்தி குடுத்ததும் அவதான? ஆனா ஒண்ணு அத்த. சாயங்காலம் கோயிலுக்கு இத நான் தூக்க மாட்டேன். இனிமே அவளுக்கு வெளக்கு ஏத்த மாட்டேன், கூழு ஊத்த மாட்டேன். ஆறு வருஷமா வெள்ளிக்கெழம தவறாம போயி அழுதேன். குடுக்கற மாதிரி குடுத்துட்டு கையத் தட்டி வுட்டுட்டா. அவ சாமியே இல்ல.

– அடியேய், வாயக் கழுவுடி! நாளும் கெழமையுமா அவள அப்படி சொல்லாத!

– வேற எப்படி சொல்றது? என் பொழப்பக் கெடுத்தது அவதான?

– அவ கெடுக்கலடி. அவ மேல பழியப் போடாத, குடும்பத்துக்கு ஆவாது.

– நான்தான் கெடுத்தேன்னு சொல்லு யம்மா. நானே ஒத்துக்கறேன்.

– நீ மட்டும் இல்லடா. செவ்வாக்கெழம நீ லைட்ட போட்டுட்டு மண்டப வேலைக்குத் தியாகதுருகம் போய்ட்ட. அன்னிக்கிப் பகல் பூரா கரண்ட் இல்ல.

– ஆமா, ஷட்டவுன். அன்னிக்கி ஒரு நாளாவது இருட்டுல இருந்திருக்குமே, கொஞ்சமாச்சும் நீண்டிருக்கணுமே.

– எங்கடா இருட்டுல இருந்துச்சி? நாப்பது வருஷமா மொளப்பாரி போடறவ நான், எனக்குத் தெரியாதா எதுல வளரும் எதுல வளராதுன்னு? கதவுக்கு அடில வந்துக்கினு இருந்த ஊதா வெளிச்சம் பொசுக்குனு அணைஞ்சி போச்சி. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடிலேர்ந்து ஒயர உருவி, இன்வெர்ட்டர் பிளக்குல நான்தான் சொருகனேன்.