டேப்லட் வைத்தியர்

— ஞாயித்துக்கிழமை எனக்குக் குடுத்ததே பத்து நிமிஷம். அதுல முக்கால்வாசி கறுப்புத் திரை. அதுக்கப்புறம் உங்ககிட்ட மட்டும் என் பொண்டாட்டி ஒரு மணி நேரம் பேசியிருக்கா. இது எந்த ஊர் நியாயம் தம்பி?

— சார், முதல்ல உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், ஒரு பக்கமா சாயும். இதுல உக்காருங்க. பதறாதீங்க சார். விண்கலத்துல இருக்கறவங்க டேப்லட்டோ இயர்ஃபோனோ மக்கர் பண்ணினா என்னைத்தான் கூப்பிடணும். என் வேலையே அதான்.

— நான் பல் டாக்டர். ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க எனக்கு அஞ்சு நிமிஷம். நீங்க ஒரு டேப்லட்டை வாரக்கணக்காப் பிடுங்கிக்கிட்டு இருக்கீங்க.

— கடையில வாங்கின சாதாரண டேப்லட் சார் அது. நம்ம வீட்டுல இருக்கற மாதிரிதான். மேல போனதும் அதுக்கு எது தரை எது கூரைன்னே தெரியல. படுக்கவெச்சா நிமிருது, நிமித்தினா படுத்துக்குது. அவங்க பட்டனைத் தேடறதுக்குள்ள திரை சுத்திடுது.

— பாப்பா சொன்னா, ‘அம்மா தலைகீழா வர்றா’ன்னு. சரி, அது போகட்டும். போன மாசம் நான் அவகிட்ட ஆசையா ஒரு வார்த்தை சொன்னேன். அது பக்கத்துல மிதந்துக்கிட்டிருந்த இன்ஜினியர் காதுல போய் விழுந்துச்சு.

— இயர்ஃபோன் தானாவே வேற டேப்லட்டைப் பிடிச்சுக்கிச்சு சார். அந்த மனுஷன் பாவம், உடனே கழட்டிட்டாராம்.

— அப்புறம் ஒரு மெசேஜ். ‘ளளளளளள.’ வேற ஒண்ணுமே இல்ல. நான் தூக்கத்தைத் தொலைச்சுட்டு அதுக்கு அர்த்தம் தேடினேன்.

— தண்ணி சார் அது. குடிக்கும்போது ஒரு சொட்டு தப்பிச்சுப் போய்த் திரையில ஒட்டிக்கிச்சு. சொட்டே டைப் அடிச்சு, சொட்டே அனுப்பிடுச்சு! உங்க வீட்டம்மா, அதான் எங்க கேப்டன், அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க.

— உங்ககிட்டச் சொல்லிச் சிரிச்சா.

— ஆமா சார்...

— என்கிட்டச் சிரிக்கல. ‘பாப்பாவுக்கு நகம் வெட்டினீங்களா, மாடி டேங்க் நிரம்பி வழியுதா, குழாயை மூடினீங்களா.’ இதான் எனக்கு. வாடகைக்கு இருக்கறவன்கிட்ட வீட்டுக்காரம்மா பேசற மாதிரி.

— மேல வேலை ஜாஸ்தி சார். தோள்பட்டை வேற பிடிச்சுக்கிச்சு. காபியில சர்க்கரையை விட்டதுலேர்ந்து கொஞ்சம் சோர்வாவும்...

— இருங்க, இருங்க. சர்க்கரையை விட்டுட்டாளா? அவளா? மூணு ஸ்பூன் போட்டு, கலக்காமக் குடிச்சு, அடியில இருக்கறதை விரலால வழிச்சுத் திங்கறவ! பல்லு போயிடும் பல்லு போயிடும்னு நான் தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேன். கேட்டாளா?

— நான் ஒரு தடவை பேச்சுவாக்குல சொன்னேன் சார். விட்டுட்டாங்க.

— நீங்க சொன்னீங்க. அவ விட்டுட்டா.

— சார், நீங்க தப்பா...

— தம்பி, ஒருத்தன் வாயைத் தொறந்தா எந்தப் பக்கமா மென்னு திங்கறான்னு சொல்லிடுவேன் நான். நீங்க எதையோ மெல்லவும் முடியாம முழுங்கவும் முடியாம வெச்சிருக்கீங்க.

— உங்களுக்கென்ன சார் குறைச்சல்? வாரத்துல ஒரு நேரம் உங்க பேருல ஒதுக்கி வெச்சிருக்காங்க. அவங்க தூங்கற பைக்குப் பக்கத்துல உங்க போட்டோதான் ஒட்டியிருக்கு. என்னைப் பாருங்க. ஜன்னல் இல்லாத இந்த ரூம்ல ஒரு ஏசி, ஒரு திரை. ஏதாவது கெட்டுப்போனாத்தான் நான். எல்லாம் நல்லா ஓடுற வரைக்கும் நான் ஒருத்தன் இருக்கேன்னே யாருக்கும் ஞாபகம் வராது.

— உங்களை என்னன்னு கூப்பிடறா?

— யாரு சார்?

— யாருன்னு தெரியாத மாதிரி கேக்காதீங்க.

— விளையாட்டுக்குத்தான் சார்... வைத்தியரேன்னு.

— வைத்தியரேன்னா? அது என் பேரு தம்பி! முதமுதல்ல பல்லு வலின்னு என்கிட்ட வந்து, கன்னம் வீங்கிப்போய், அந்த நிலைமையிலயும் நக்கலா ‘வைத்தியரே’ன்னு கூப்பிட்டா. அன்னிக்கு விழுந்தவன் நான், இன்னும் எழுந்திருக்கல. அதைத் தூக்கி உங்ககிட்டக் குடுத்துட்டாளா?

— சார், மெதுவா! விளக்கு எரியுது பாருங்க, கேப்டன்தான் மேலேர்ந்து கூப்பிடறாங்க. இது வேலை லைன். வீட்டு ஆளுங்க இங்க இருக்கறது தெரிஞ்சா என் வேலை போயிடும்.

— நான் மூச்சே விடல. ஸ்பீக்கர்ல போட்டுப் பேசுங்க. இல்லாட்டி இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.

— ...வணக்கம் கேப்டன்.

— வைத்தியரே, உங்க நோயாளி மறுபடியும் மயக்கம் போட்டுடுச்சு! காலையிலேர்ந்து கறுப்பு. தட்டிப் பாத்தேன், கொஞ்சிப் பாத்தேன், திட்டியும் பாத்துட்டேன். இனிமே இதை விசிறியா வெச்சுக்க வேண்டியதுதான்.

— பதறாதீங்க கேப்டன்.

— எப்படிப் பதறாம இருக்கறது? ஞாயித்துக்கிழமை பாதியில போச்சே, அந்த மனுஷன் முகம் வாயைத் தொறந்தபடி அப்படியே நின்னுடுச்சு. கறுக்கற வரைக்கும் அதையே பாத்துக்கிட்டிருந்தேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நான் அவர்கிட்ட ஒழுங்காவே பேசறதில்ல. குரலைக் கேட்டாலே அழுகை வந்துடுது. இங்க அழுதா கண்ணீர் கீழ விழாது, கண்ணுலயே கட்டியா நிக்கும். அவர் பாத்துடுவார். அதான் டேங்க், நகம், குழாய்னு எதையாவது கேட்டு ஒப்பேத்திடறேன். உங்ககிட்ட ஒரு மணி நேரம் சிரிக்க முடியுது, ஏன்னா நீங்க எனக்கு யாரோ. அவர்கிட்ட ஒரு நிமிஷம் முடியல.

— தம்பி... அவளுக்குக் கேக்காது, மெதுவாத்தான் சொல்றேன். சரி பண்ணுங்க. இப்பவே. என் கண்ணு முன்னாடி.

— கேப்டன், லைன்லயே இருங்க. இங்கேர்ந்தே உங்க டேப்லட்டுக்குள்ள நுழையறேன்... இப்ப பாருங்க.

— அட! வந்துடுச்சு! இதுக்கா இத்தனை நாள்? உங்க கைக்குத் தங்கக் காப்புதான் போடணும். இன்னிக்குச் சாயங்காலமே தனி அனுமதி வாங்கிடறேன். பாப்பா ஸ்கூல் விட்டு வந்ததும் கூப்பிடறேன். அழுகை வந்தா வரட்டும், அவர் பாத்தாப் பாக்கட்டும்.

— தம்பி, காதோட சொல்றேன், நான் கிளம்பறேன். பாப்பாவைக் கூட்டிட்டு வரணும், மூஞ்சி கழுவி, தலை சீவி... உங்களை என்னென்னவோ நெனச்சுக்கிட்டு வந்தேன். மனசுல வெச்சுக்காதீங்க. பல்லு வலின்னா நேரா என்கிட்ட வாங்க.

— கதவை மெதுவாச் சாத்திட்டுப் போங்க சார்.

— அங்க யாரு வைத்தியரே?

— யாரும் இல்ல கேப்டன். ஏசி துடைக்க வந்த ஆளு. போயிட்டாரு.

— சரி, அப்ப நான் வெக்கறேன். இத்தனை நாளா உங்களைப் பாடாப் படுத்திட்டேன். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன், போதுமா?

— வெச்சிடாதீங்க கேப்டன். ஒரே ஒரு சோதனை பாக்கி இருக்கு. திரையைப் பாத்துக்கிட்டே இருங்க.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். பாப்பா போட்டோவைத் தொறந்து வெச்சிருக்கேன், எவ்வளவு வளந்துட்டா... ஐயையோ! மறுபடியும் கறுத்துப் போச்சே!

— அடடா. பதறாதீங்க கேப்டன், சாயங்காலம் முழுக்க நான் இங்கதான் இருப்பேன். அது கிடக்கட்டும், காலையில என்ன சாப்பிட்டீங்க, சொல்லுங்க.