பெத்தவங்க வாயாலதான் சொல்லணும்

ஆமா சார், நான்தான். வராண்டாவுல உங்க குரல்ல பேசினது நான்தான். அடுத்த ஆளை உள்ள அனுப்புப்பான்னு நான் சொன்னதும் உங்க பியூன் அண்ணன் மூணு பேரை ஒண்ணா உள்ள தள்ளிவிட்டா, அதுக்கு நானா பொறுப்பு? நீங்க மூக்கால பேசறீங்க. வாய் தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு செருமல். இதைப் பண்ண திறமையெல்லாம் வேணாம் சார், ஜலதோஷம் புடிச்சாப் போதும்.

சிரிப்பே வரலையா? கணக்குத் துறைத் தலைவர் சிரிக்கக் கூடாதுன்னு இந்தக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்துல சட்டம் ஏதும் இருக்கா?

சரி, உக்காரல. நின்னுக்கிட்டே பேசறேன்.

போன வாரம் போன்ல எங்கப்பாவாப் பேசினதும் நான்தான். நீங்களே கண்டுபுடிச்சுட்டீங்க, இனிமே மூடி மறைச்சு என்ன ஆகப்போகுது? ஆனா தனிக் கணக்குப் பிரிவுலேர்ந்து என் பேரை அடிக்கறேன்னு பேனாவைத் தூக்கறீங்க பாருங்க, அதை மொதல்ல கீழ வைங்க. ஆள்மாறாட்டம்கற பெரிய வார்த்தையையும் கூடவே வச்சிடுங்க. எனக்கு வேற காலேஜ்ல இடம் கிடையாது. இது போனா போனதுதான்.

இந்தப் போன் கூத்தே உங்களோடதுதானே? உலகத்துல வேற எங்கயாவது உண்டா? புள்ளை எந்தப் பிரிவுல சேரணும்னு பெத்தவங்க வாயாலதான் சொல்லணுமாம். எழுதிக் குடுத்தா செல்லாதாம். குடும்பமே மனசு ஒத்துப் போயிருக்கான்னு குரலைக் கேட்டாலே உங்களுக்குத் தெரிஞ்சுடுமாம். கேட்டீங்களே அரைமணி நேரம், தெரிஞ்சுச்சா?

கோவம் வருதுல்ல? எனக்கும் வந்துச்சு, அன்னிக்கு காலேஜைச் சுத்திக் காட்டறோம்னு கூப்புட்டீங்களே, அப்ப. அந்த சீனியர் அக்கா ஒவ்வொரு ரூமாக் கதவைத் தொறந்து, கணக்கோட கம்ப்யூட்டர், வேலை கைமேல ரெடி! கணக்கோட புள்ளியியல், இன்ஷூரன்ஸ்காரங்க வாசல்லயே காத்துக்கெடப்பாங்க! கணக்கோட ஆசிரியர் பயிற்சி, அது ஒரு சேவை! அப்புறம் தனிக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு... இப்படிப் பாத்து வாங்க, படி வழுக்கும்! அவ்ளோதான் சார், உங்க தனிக் கணக்குக்குக் கெடச்ச மரியாதை. உங்க துறைக்கு நீங்களே வக்காலத்து வாங்கல, எங்கிட்ட வந்து எகிறுறீங்க.

உங்க சேப்பல் போதகர் வேற. வார்த்தைக்கு வார்த்தை நாங்க ஆமென் சொல்லுவோம்னு காத்திருக்கறவரு. எண்களும்... ஆண்டவர் தந்தவைதான்... தம்பி... தண்ணி குடிக்கற இடம்... இடது பக்கம். ஆமென்னேன். முறைச்சார். அவரு கூட உங்களை மாதிரி இல்ல சார், முறைச்சுட்டு சிரிச்சுட்டார்.

அம்மாவா? அம்மாவைப் பேச விட்டிருக்கலாமேன்னா கேக்கறீங்க? நல்லாக் கேட்டீங்க. ஜவுளிக்கடையில நாள் பூரா நின்னு துணி அளந்து கிழிக்கறவங்க எங்கம்மா, பேச்சும் அப்படித்தான், ஒரே கிழி. வாத்தியாருக்குப் படிடா. மாசம் பொறந்தாச் சம்பளம், மே மாசம் லீவு, நிழல்ல வேலை. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு? முடிஞ்சுது. எங்க வீட்டுல தனிக் கணக்குக்கு ஆதரவா இருக்கறது ஒரே ஒரு ஆளு, அது எங்கப்பா.

ஆமா, அந்த ஆதரவைத்தான் நானே கள்ள ஓட்டாப் போட்டுட்டேன்னு சொல்றீங்க. புரியுது. மேல சொல்லுங்க.

இல்ல, நானே சொல்றேன். நீங்க போன்ல என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா? க்ஹும், உங்க மகனுக்கு இது ஒத்து வராதுங்க. இது தனியா உக்காந்து யோசிக்கறவங்களுக்கு. நேர்முகத்துல எங்க முன்னாடியே எங்களை மாதிரி பேசிக் காட்டறான். இவன் கூட்டத்துக்குப் பொறந்தவன். சரியா வந்துச்சா சார் உங்க குரல்? செருமல் கொஞ்சம் கம்மியோ?

அதுக்கு என்ன பதில் வந்துச்சு? ஐயா, நீங்க சொல்றது சரிதான். இவன் காலையில எந்திரிச்சதுலேர்ந்து ஊர்ல இருக்கறவன் குரல்லயெல்லாம் பேசுவான். இவனோட சொந்தக் குரல் எதுன்னு பெத்த எனக்கே சந்தேகம் வரும். ஆனா ஒருநாள் சமையல்கட்டுல நின்னு பகா எண்ணுக்கு முடிவே கிடையாதுன்னு எனக்கு விளக்கினான். ஏன் முடியாது, எப்படி முடியாதுன்னு. அப்ப யாரை மாதிரியும் பேசல. அந்த நேரம்தான் இவன் இவனா இருக்கான். அதை அவன்கிட்டேர்ந்து வாங்கிடாதீங்க.

அப்புறம், இப்படி ஒரு தகப்பனை நான் பாத்ததில்லன்னீங்க. இடம் குடுத்தீங்க.

இப்ப கேக்கறீங்க, உன்னைப் பத்தி நீயே இப்படிப் புகழ்ந்துக்கிட்டியே, வெக்கமா இல்லையான்னு. இருந்துச்சு சார். காது ரெண்டும் சுட்டுச்சு. அந்தப் புகழ்ச்சியை மட்டும் சொல்லாம முழுங்கிடலாம்னு பாத்தேன். மேசையைத் தட்டித் தட்டிச் சொல்ல வச்சா நான் என்ன பண்றது?

யாரு தட்டினாங்களா?

எதுக்கு இப்ப போனை எடுக்கறீங்க? அப்பாகிட்டயே கேக்கப் போறீங்களா? கேளுங்க, தாராளமாக் கேளுங்க. அதே நம்பர்தான்.

அடிக்குதா? ஆமா, வெளியதான் அடிக்குது. கூடத்தான் வந்திருக்கார், வராண்டாவுல கடைசி பெஞ்சுல. எடுத்துட்டார் பாருங்க. ஐயோ, ஹலோ ஹலோன்னு கத்தாதீங்க சார், அவருக்குக் காதெல்லாம் நல்லாவே கேக்கும். அது மூச்சுச் சத்தம். கழுத்துல ஓட்டை போட்டிருக்காங்க, அது வழியாத்தான் மூச்சு. போன வருஷம் கட்டி வந்து குரல்வளையையே எடுத்துட்டாங்க. பஸ் ஸ்டாண்டு மைக்குல அறிவிப்பு சொல்லிட்டிருந்தார், அந்த வேலையும் போச்சு. அன்னிக்கு நீங்க போன் பண்ணப்ப எதிர்ல உக்காந்து உதட்டை அசைச்சுக்கிட்டே இருந்தார், நான் சத்தம் மட்டும் போட்டேன். ஒரு வார்த்தை என்னோடது கிடையாது. பாவம் பாத்து இடம் குடுக்கக் கூடாது, சொல்லாதடான்னார். சொல்லல.

போனை வச்சிட்டு வெளிய போய்க் கேளுங்க சார். நேரா உதட்டைப் பாருங்க, மெதுவாத்தான் சொல்வார். புரியலைன்னா இன்னொரு தடவை கேளுங்க, சொல்வார். என் பக்கம் மட்டும் திரும்பாதீங்க. நான் வாயே தொறக்கப் போறதில்ல.