நாப்பதாவது பல்ப்

…இல்லைப் பிள்ளை, நீயே சொல்லு, பிழை ஆரிலை? ஆர் கோத்த லைற்றோ அவரிலைதானே பிழை? அதை வாயைத் திறந்து சொன்னதுக்கு ஒரு மனுசன் வீட்டை விட்டு வெளிக்கிடுமே? இண்டையோடை மூண்டு நாள்! ரெண்டு சேட்டும் ஒரு சாரமும் பாக்கிலை வைச்சுக்கொண்டு, ‘நான் மார்கிரட் வீட்டை போறன்’ எண்டு ஒரேயொரு சொல்லு. மார்கிரட் அவற்றை தங்கச்சி, கொழும்புத்துறையிலை இருக்கிறா. போன் எடுத்தா மச்சாள்தான் எடுக்கிறா. ‘அண்ணை குளிக்கிறார்’ எண்டுறா. மூண்டு நாளாக் குளிக்க அவர் என்ன எருமையே?

இந்தா, இதுதான் சாமான். மெல்ல இழு பிள்ளை, சிக்குப்பட்டுப்போடும். உன்ரை பேர் என்ன எண்டாய்? ஷாமினி… நல்ல பேர். பொம்பிளைப்பிள்ளை இந்தத் திருத்திற வேலை செய்யிறது திறம். ஆம்பிளையளிட்டைக் குடுத்தா முதல் அரை மணித்தியாலம் எங்களுக்குப் பாடம் எடுப்பினம். என்ரை மனுசன், நதானியேல் எண்டு பேர், முப்பது வருசமா எடுக்கிறார்.

அது என்ன மாதிரி லைற் எண்டு பாக்கிறாய், என்ன? ஓம், சைக்கிள் டைனமோ பல்ப்தான். கடையிலை வாங்கினதில்லை. நாப்பது பல்ப்பையும் வயரிலை ஈயம் வைச்சு ஒட்டிக் கோத்தது அவர். நாங்கள் கலியாணம் முடிச்ச வருசம். சிவப்பு எரியிறதுக்கு நான்தான் என்ரை நகத்துக்குப் பூசிற கியூட்டெக்ஸைப் பூசிக் குடுத்தனான், ஆனா அதை ஒருத்தருக்கும் சொல்ல மாட்டார். ‘காங்கேசன்துறைச் சீமெந்து பக்டரியிலை படிச்ச வேலை’ எண்டுவார். அங்கை வேலை பாத்தது ரெண்டே ரெண்டு வருசம்! அதுக்கு இண்டைக்கு வரைக்கும் கதை.

கெதியாச் செய் பிள்ளை. இப்ப நாலு மணி. ஏழு மணிக்குக் கரோல் பாட்டி, அதுதான் வீடு வீடாக் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடிக்கொண்டு வாற குழு, எங்கடை ஒழுங்கைக்கு வந்திடும். மனுசன் அதிலை பேஸ் எண்ட அடிக்குரல் பாடுறவர், அவரில்லாமல் பாட்டி வெளிக்கிடாது. எங்கை கோவிச்சுக்கொண்டு போனாலும் இண்டைக்கு அந்தப் பாட்டியோடை எங்கடை வாசல் படலையடிக்கு அவர் வந்துதானே ஆகவேணும்? இந்தப் பக்கத்திலை திருத்திற கடை இது ஒண்டுதானே, அதுதான் நான் உன்னட்டை ஓடி வந்தது.

எங்கடை சபையிலை ஒரு வழக்கம் இருக்கு, கண்டியோ. கிறிஸ்மஸ் லைற் எரியாத வீட்டிலை கரோல் பாட்டி நிக்காது. அந்த வருசம் செத்தவீடு நடந்த ஆக்கள்தான் லைற் போடாயினம். அதாலை இருட்டாக் கிடந்தா, மேளத்தையும் நிப்பாட்டிப்போட்டு சத்தமில்லாமல் கடந்து போயிடுவினம். விறாந்தை லைற்றைப் போட்டா என்னவோ? விறாந்தை லைற் செத்தவீட்டுக்காரரும் போடினம்தானே! நீ யோசிச்சுப் பார், என்ரை சொந்த மனுசன் என்ரை சொந்தப் படலையைத் தாண்டி, தலையைக் குனிஞ்சுகொண்டு, முன்வீட்டை போய் நிண்டு பாடினா… நான் எங்கை கொண்டுபோய் முகத்தை வைக்கிறது?

வயரிலை கிடக்கிற அந்த வெள்ளைச் சுத்தே? அது ஒண்டுமில்லை. அதை விடு. பல்ப்பைப் பார்.

முன்வீட்டிலை ஷரோன். கனடாவிலையிருந்து வந்து நிக்கிறா, புருசன், பிள்ளையள், அஞ்சு சூட்கேஸ். ஒரு சூட்கேஸ் நிறைய லைற்! நீலம், பச்சை, ஓடுறது, பாயிறது, மினுக்கு மினுக்கெண்டு மினுக்கிறது. மதிலிலை ஒரு மான் நிக்குது, தலையாட்டுது. எங்கடை நாய் அதைப் பாத்து மூண்டு நாள் குலைச்சுப்போட்டு, பேந்து குலைக்கிறதையே விட்டிட்டுது. அதுக்கு முன்னாலை எங்கடை லைற் மெழுகுதிரி மாதிரி மஞ்சளா மங்கிக்கொண்டு கிடக்குது. ஷரோன் வந்து ‘அன்ரி, உங்கடை லைற் கியூட்டா இருக்கு’ எண்டுறாள். கியூட்டாம்! எனக்குக் கோவம் ஏறாதே?

நான் இவரிட்டைச் சொன்னனான். ‘இஞ்சரப்பா, கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டுங்கோவன்’ எண்டு. அவ்வளவுதான், கதிரையை இழுத்துப் போட்டார். ‘இங்கை பார். இது ஒரே வழி. முதல் பல்ப்புக்குள்ளாலை போற கரண்ட்தான் அடுத்ததுக்குள்ளாலையும் போகவேணும். குறுக்கு ஒழுங்கை கிடையாது. இடையிலை ஒண்டு செத்தா வழி அறுந்திடும், நாப்பதும் அணைஞ்சிடும்.’ நான் கேட்டன், ‘அப்ப ஏன் வீட்டு லைற் மாதிரிக் கட்டக்கூடாது? குசினி லைற் செத்தா அறை லைற் எரியுதுதானே?’ அதுக்கு அவர், ‘அது ஒவ்வொண்டுக்கும் தனித்தனி வழி. இது ஆறு வோல்ற் பல்ப். தனியா இருநூற்றி முப்பது வோல்ற்றிலை குடுத்தா வெடிச்சுச் சிதறும். அதாலைதான் நாப்பதையும் வரிசையாக் கோத்து, இருக்கிற வோல்ற்றைப் பங்கு போடுறது. ஆளுக்கு ஆறுக்குக் கொஞ்சம் குறைய வரும்’ எண்டார். 

எனக்கு விளங்கினது தானே! ஒரு கேக்கை நாப்பது பேருக்கு வெட்டுறது. அவ்வளவுதான். அதுக்கு முக்கால் மணித்தியாலம்.

அதென்ன மீற்றர், கீக் கீக் எண்டு கத்துது? ஓ… கத்தினா அந்தப் பல்ப் நல்லது. கத்தாட்டிச் செத்தது. எங்கடை சபையிலை சிலபேரை இப்பிடித் தொட்டுப் பாக்க ஏலுமெண்டா நல்லது. சரி சரி, நீ பார். நான் கதைக்கேல்லை.

கதைக்காமல் இருக்க எனக்கு வராது பிள்ளை. வீட்டிலை மூண்டு நாளா நாயோடை கதைக்கிறன்.

பேந்து என்ன நடந்தது எண்டா, அந்த லைற் தன்ரை பாட்டிலை வெளிச்சம் கூடத் துடங்கிச்சுது. ஓம், தன்ரை பாட்டிலைதான். முதல் நாள் கொஞ்சம். அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ஒரு கிழமையிலை… என்ன சொல்ல, கண்ணைக் கூசுது! ஷரோன் படலையடிக்கு வந்து ‘அன்ரி, புதுசா வாங்கினீங்களா?’ எண்டு கேட்டவள். எனக்கு அண்டைக்கு ராத்திரிச் சாப்பாடே தேவைப்படேல்லை. இவருக்கு மட்டும் முகம் சரியில்லை. ‘வோல்ற் கூட வருது, வீட்டுச் சாமானெல்லாம் பழுதாப் போகும்’ எண்டு கரண்ட் கந்தோருக்குப் போன் அடிச்சு, ரெண்டு பேர் வந்து அளந்து பாத்து, ‘சரியாத்தான் இருக்கு ஐயா’ எண்டு சொல்லி, தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் போட்டினம். அண்டு முழுக்க மனுசன் கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு முத்தத்திலை நடந்தது. பாவமாத்தான் இருந்தது. ஆனா நான் ஒண்டும் சொல்லேல்லை.

ஏன் சொல்லேல்லையோ? சொல்ல என்ன கிடக்கு? அந்தச் சுத்தை விடு எண்டனான் பிள்ளை, அது… மழை படாமல் இருக்கச் சுத்தினது.

அப்ப, போன வெள்ளிக்கிழமை. எங்கடை வீட்டு முத்தத்திலை கரோல் பயிற்சி. போதகர், பாடுற ஆக்கள், இருபது பேர் வரும். ஷரோனும் மானை விட்டிட்டு வந்து நிக்கிறாள். நான் கேக் தட்டோடை வாறன், ‘டிக்’ எண்டு ஒரு சத்தம். முழுக்க இருட்டு. எல்லாரும் ‘ஐயையோ’ எண்டினம். இவர் ஏணி வைச்சு ஏறி, ரோச் அடிச்சு, இந்த நுனியிலையிருந்து அந்த நுனி வரைக்கும் பாக்கிறார், பாக்கிறார், அப்பிடிப் பாக்கிறார். இறங்கி வாறார். என்ன சொல்லப் போறாரோ எண்ட பயத்திலை நான் முந்தினன். ‘உங்கடை பக்டரி வேலை இவ்வளவுதானே! முப்பது வருசமா ஊரை ஏமாத்திக்கொண்டு திரியிறீங்கள்’ எண்டன். அவ்வளவு சனத்துக்கு முன்னாலை. ஒருத்தரும் சிரிக்கேல்லை பிள்ளை. ஒருத்தர் சிரிச்சிருந்தாலும் பகிடியாப் போயிருக்கும்.

அவர் என்னைப் பாத்தார். ரோச்சை மேசையிலை வைச்சார். ‘பயிற்சியைத் துடங்குவம்’ எண்டார். பாட்டெல்லாம் முடிஞ்சு ஆக்கள் போன பிறகுதான் அந்த பாக்கை எடுத்தவர்.

என்ன, கத்தேல்லையே? அந்தச் செத்ததைக் கண்டுபிடிச்சிட்டாய்! பாத்தியே, ஒரேயொரு பல்ப்! அதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம். போடு, புதுசைப் போடு. குத்து பிளக்கை… எரியுது! ஐயோ என்ரை ஆண்டவரே, எரியுது! ஏன் நிப்பாட்டினனீ? ஏன் பிள்ளை உடனை நிப்பாட்டினனீ? வெளிச்சம் கூடவோ… கூடினா நல்லதுதானே.

ஏன் எண்ணுறாய்?

எண்ணாதை. நான் சொல்லுறன் நாப்பது எண்டு. சொன்னா நம்பு பிள்ளை… இருபத்தெட்டு, இருபத்தொன்பது… ஓம். இருபத்தொன்பதுதான். இப்ப என்ன, என்னை அப்பிடிப் பாக்கிறாய்? அந்த வெள்ளைச் சுத்து பதினொண்டும் என்னெண்டு கேக்கிறாய். காயத்துக்கு ஒட்டுற பிளாஸ்ரர். பார்மசியிலை வாங்கினது. இன்னும் ரெண்டு சுருள் வீட்டிலை கிடக்கு.

சரி. கேள். ஒருத்தருக்கும் சொல்லாதை.

முதல் ஒண்டு உண்மையாவே செத்துப் போச்சு. இவர் பாட்டுப் படிக்கப் போன நேரம். நாப்பதும் இருட்டு. எந்தப் பல்ப் எண்டு தேட எனக்கு மீற்றர் கீற்றர் ஒண்டும் தேவைப்படேல்லை, உள்ளுக்குக் கறுத்துப்போய்க் கிடந்தது. தையல் கத்தரிக்கோலாலை அதை வெட்டி எடுத்தன். பிளக்கைக் கழட்டிப்போட்டுத்தான், நான் என்ன விசரியே? வயர் நுனி ரெண்டையும் சேத்து முறுக்கி, பிளாஸ்ரரைச் சுத்தினன். எரிஞ்சுது! அதுவும் முந்தியிலும் பாக்க ஒரு பொட்டு வெளிச்சமா. அங்கைதான் பிள்ளை எனக்குப் புத்தி வேலை செய்தது. கேக் வெட்டுற கணக்கு. ஆக்களைக் குறைச்சா ஆளுக்குப் பங்கு கூடும்தானே? அவர் பாட்டுக்குப் போற ஒவ்வொரு பின்னேரமும் ஒண்டு, ரெண்டு எண்டு நல்ல பல்ப்பையும் வெட்டினன். பத்து பல்ப். எல்லாத்தையும் தையல் பெட்டிக்கை நூலுக்கு அடியிலை ஒளிச்சு வைச்சன். ஒவ்வொருநாளும் வெளிச்சம் ஏற ஏற, நான் முன்வீட்டு மானைப் பாத்துச் சிரிச்சனான்.

பங்கு கூடினா வயிறு வெடிக்கும் எண்டு எனக்கு ஆர் சொன்னது? அவர்தான் சொன்னவர். முக்கால் மணித்தியாலத்திலை கடைசிக் கால் மணித்தியாலம் நான் கேக்கேல்லை.

அதாலை பிழை என்னிலைதான். போதுமே? வோல்ற் கூடேல்லை, பல்ப் பழுதில்லை, அவற்றை கை வேலையிலை ஒரு குறையுமில்லை. முப்பது கிறிஸ்மஸ் எரிஞ்ச லைற்றை ரெண்டு கிழமையிலை சாகடிச்சது நான். சாகடிச்சுப்போட்டு அவரையும் ஏசினது நான். அவர் முகத்துக்கு நேரை இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. முன்பின் தெரியாத உன்னட்டை வருகுது.

எங்கை போறாய்? பிள்ளை, கதைச்சுக்கொண்டு இருக்கேக்கை உள்ளுக்குப் போறாய்…

உது என்ன போத்தில்?

உது… உது எங்கடை ஹோர்லிக்ஸ் போத்தில் எல்லே? மூடியிலை நெளிவு கிடக்கு, நான் கீழை போட்ட நெளிவு. உள்ளுக்குக் கிடக்கிறது… என்ரை கியூட்டெக்ஸ்! நான் வெட்டின பல்ப்! தையல் பெட்டிக்கை கிடந்தது எப்பிடி இங்கை…

அவர் வந்தவரே? இண்டைக்குக் காலமையே? என்ன சொன்னவர்? ‘பிளாஸ்ரர் சுத்தின லைற்றோடை ஒரு அம்மா வருவா. கனக்கக் கதைப்பா. கதைக்க விடுங்கோ. தான்தான் வெட்டினது எண்டு சொன்னாப் பிறகு இதைக் குடுங்கோ…’ அப்பிடியே சொன்னவர்? அப்ப நீ இவ்வளவு நேரமும் தெரிஞ்சுகொண்டே கீக் கீக் எண்டு… நல்ல பிள்ளையடி நீ!

ஏணியிலை நிண்டு அவ்வளவு நேரம் பாத்தவர். அங்கையே எண்ணிப்போட்டார், கண்டியோ. இருபது பேருக்கு முன்னாலை நான் வாய் கிழிய ஏசேக்கை, அவருக்குத் தெரியும். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் அங்கையே செத்திருப்பன். சொல்லேல்லை. வெக்கத்தைத் தானே வாங்கிக்கொண்டு போட்டுது அந்த மனுசன்.

எனக்கு ஒண்டுமில்லை, கண்ணிலை உன்ரை ஈயப் புகை. ஒட்டு, ஒட்டு. பிளாஸ்ரரை எல்லாம் பிச்சு எறி.

எத்தினை? பத்தோ? வடிவா எண்ணு. செத்த அந்த முதல் பல்ப்புக்கும் ஒண்டு வேணுமே, பதினொண்டு இருக்கவேணும். போத்திலைக் கவிட்டுப் பார். எண்ணத் தெரியாத மனுசன், பக்டரியிலை என்னத்தைத்தான்… பொறு. போத்திலிலை என்னவோ ஒட்டிக் கிடக்கு. பிளாஸ்ரர் துண்டு. அவற்றை எழுத்துத்தான். ‘பத்து’.

பத்து எண்டு எழுதியல்லோ வைச்சிருக்கிறார். எண்ணித் தெரிஞ்சுதான் ஒண்டை விட்டிருக்கிறார்.

வேண்டாம் பிள்ளை! மேசை லாச்சியைத் திறக்காதை. உன்ரை பல்ப் வேண்டாம். முப்பத்தொன்பதோடை முறுக்கிவிட்டாலும் எரியும் எண்டு எனக்குத் தெரியாதே, முறுக்கிறதிலை என்னை வெல்ல ஆள் இருக்கே? வேண்டாம். அந்த ஒரு இடம் வெறுமனே கிடக்கட்டும். நுனி ரெண்டுக்கும் ரேப் மட்டும் சுத்திவிடு, பிளக் குத்த மாட்டன். நாப்பதாவது பல்ப் அவற்றை சேட்டுப் பொக்கற்றிலை வருகுது.

எரியாட்டி எரியாமல் கிடக்கட்டும். கரோல் பாட்டி வேணுமெண்டா கடந்து போகட்டும். அவர் நிப்பார். நான் ஈயம் ஒட்டுற கோலைச் சூடாக்கி விறாந்தையிலை வைச்சிட்டு, ஏணியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். இருபது பேரும் நிக்கட்டும், ஷரோனும் நிக்கட்டும், எல்லாருக்கும் முன்னாலை நான் சொல்லுறன். ஏசினது சத்தமாத்தானே, இதையும் சத்தமாச் சொல்லுறன்.

சுத்தினது போதும், தா. பஸ் போயிடும். பாக்கிலை மெல்ல வை… ஒண்டு கேக்கிறன் பிள்ளை. காலமை வந்தவர் எண்டனீ. மச்சாள் வீட்டிலை காரம் கூட, அவருக்கு அது ஒத்துக்கொள்ளாது. ஆள் ஏதும் சாப்பிட்ட மாதிரி இருந்தவரே?